எட்டை ஒன்பதாக்கிய வெள்ளிக்கிழமை

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து தினமும் மாலை வேதமூர்த்தி சாருக்கு ஒரு மெயில் போட வேண்டும். எத்தனை வார்னிங் தீர்ந்தது, எத்தனை பாக்கி. அந்த மெயிலில் எழுத முடியாததைக் கொட்ட எனக்கும் ஓர் இடம் வேண்டாமா? பீரோவில் போன வருடத்து டைரி ஒன்று புத்தம் புதிதாகக் கிடந்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு இதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி சிரிஞ்ச் பம்ப் செய்கிறது. நோயாளியின் படுக்கை ஓரம் நின்று, ஊசிமருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று மெதுவாக ஏற்றுகிற கருவி. அதன் அடிமட்டத்தில் ஓடுகிற கர்னல் என்கிற புரோகிராம் என் பொறுப்பு. மோட்டார், பேட்டரி, அலாரம் எல்லாவற்றையும் அதுதான் பிடித்து ஆட்டுகிறது. எழுதியவன் நான் இல்லை. எழுதிய மகானுபாவன் ஆறு வருடத்துக்கு முன்பே கனடா போய்விட்டான். இப்போது வெளிநாட்டுக்கு விற்க ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அதற்குப் புது கம்பைலர், அதாவது நாம் எழுதியதை மிஷின் மொழிக்கு மாற்றித் தப்பையும் சொல்கிற சாஃப்ட்வேர், போட்டார்கள். அது நானூற்றுச் சொச்சம் வார்னிங்கைத் துப்பியது. முக்கால்வாசி ஒரே ரகம்: மெமரியில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுகிறாய், தாண்டி எழுதுகிறாய். ஜூலை பாதிக்குள் பூஜ்யம் ஆக வேண்டும் என்று சார் உத்தரவு.

வீட்டில் வாணி வந்து மூன்று வாரம் ஆகிறது. கோகிலவாணி, என் வீட்டுக்காரர் சம்பத்தின் தங்கை. திருப்பூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது சஸ்பெண்டில் இருக்கிறாள். மே மாதம் அவள் பார்த்துக்கொண்ட ஒரு பையன் இறந்துபோனான். சிறுநீரகக் கல் ஆபரேஷன் முடிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன். வலி தெரியாமல் இருக்க மணிக்கு 2.5 மில்லி போக வேண்டிய மருந்து 25 போய்விட்டது. மூச்சு நின்றுவிட்டது. பம்ப் எங்கள் கம்பெனி பம்ப்.

இவள் என் நாத்தனார் என்று நான் அலுவலகத்தில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஜூன் 11, புதன்

சம்பத் கேட்டார், அப்படி என்னதான் வார்னிங், ஓடுகிற மிஷினில் என்ன தப்பு என்று. அவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். புரிகிற மாதிரி சொன்னேன். எட்டு வீடு உள்ள லைன் வீடு ஒன்று இருக்கிறது. ஒன்றிலிருந்து எட்டு வரை யாருக்கு எது வேண்டுமானாலும் கொடு. ஒன்பதாவது வீட்டுக்கு என்று ஒருவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால்? அங்கே வீடே இல்லை. அது அடுத்த ஆளின் சமையலறை. போய் மூட்டையை அடுப்பு மேல் வைத்துவிடுவான். அடுப்பு எரிந்தால் போச்சு, எரியாவிட்டால் ஒன்றும் தெரியாது. புரிந்தது என்றார்.

பெரும்பாலும் அடுப்பு எரிவதில்லை என்பதுதான் இந்த வேலையின் எரிச்சல். கம்பைலர் ஒரு பயந்தாங்கொள்ளி. வராத திருடனுக்கெல்லாம் குரைக்கும். நூறில் தொண்ணூறு வெற்றுக் குரைப்பு. ஆனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து வாயடைக்க வேண்டும்.

வாணி சமைத்திருந்தாள். நான் வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. பாத்திரம் அடுக்கும் இடத்தை எல்லாம் மாற்றி வைத்திருக்கிறாள். கரண்டி தேடியே எனக்கு உயிர் போகிறது. அவளிடம் எதுவும் சொல்ல முடியாது, உடனே கண் கலங்கிவிடும்.

ஜூன் 13, வெள்ளி

அமோகமான நாள். சார் வெள்ளைப் பலகையில் பாக்கி எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறார். நூறு குறைந்தால் எல்லோருக்கும் முட்டை பப்ஸ். அதற்காகவே எங்கள் ஆட்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மத்தியானத்துக்குள் பப்ஸ் வந்துவிட்டது.

வேகம் பிடித்துவிட்டது எனக்கு. சிலதுக்கு ஒரு சோதனை வரி போட்டால் போதும். சிலதுக்கு இடத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணினால் முடிந்தது. அலாரம் பட்டியலில் எட்டு என்று இருந்ததை ஒன்பது ஆக்கினேன், வாய் மூடிக்கொண்டது. அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். இந்த வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது, வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் திருத்திய புரோகிராமை மேசையில் இருக்கும் சோதனை பம்புகள் எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டோம். நன்றாக ஓடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தார், நிர்வாகத்தில் ஏதோ பொறுப்பில் இருப்பவர். காபி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். வாணி தன் கை தவறுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போலீஸ் வரை போகாதாம். நர்சிங் பதிவைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான் என்றார். போடாவிட்டால் விசாரணை, பையனின் வீட்டார் கேஸ், எல்லாம் வரும். ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று கிளம்பிவிட்டார்.

வாணி சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னாள். 2.5 என்றுதான் போட்டேன், புள்ளி வைத்தேன், திரையில் படித்துப் பார்த்தேன். திரும்பி வந்தபோது 25 என்று இருந்தது. அன்றைக்கு மழை. கரண்ட் வந்து வந்து போனது. அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. மூன்று வார்டுக்கு இரண்டே நர்ஸ்.

நான் சொன்னேன், பம்பின் பதிவை எங்கள் ஆட்கள் எடுத்துப் பார்த்தாயிற்று, அமைத்த வேகம் 25 என்றுதான் இருக்கிறது. அந்த அறிக்கையை நானே படித்தேன். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் கறாராகத்தான் சொன்னேன். யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

"ஒருதடவ நீங்க செஞ்சு பாருங்க அண்ணி," என்றாள். "கரண்ட்ட புடுங்கிப் புடுங்கிப் போட்டுப் பாருங்க. நீங்க பாத்துட்டு என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

ஜூன் 17, செவ்வாய்

சம்பத் விடமாட்டேன் என்கிறார். உன் கையில் இருக்கிற மிஷின்தானே, ஒருதரம் பார்த்தால் என்ன தேய்ந்தா போய்விடுவாய் என்று கேட்கிறார். எனக்குத் தலைக்கு மேல் வேலை. வெள்ளைப் பலகையில் இன்னும் நூற்றுச் சொச்சம் நிற்கிறது.

ஜூன் 19, வியாழன்

பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில், எல்லோரும் கேன்டீன் போன பிறகு, சோதனை பம்ப் ஒன்றில் 2.5 வைத்தேன். அவள் சொன்ன மாதிரியே செய்தேன். கரண்டைப் பிடுங்கினேன், சொருகினேன், பிடுங்கினேன். அலாரம் அடித்தால் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். திரைக்குள் போய் அழிக்கவில்லை. வார்டில் அப்படித்தான் செய்வார்களாம், உள்ளே போய் அழிக்க யாருக்கும் நேரம் இல்லை என்று வாணி சொன்னாள். இருபது தடவையாவது பிடுங்கியிருப்பேன். கை வலித்தது. 2.5 என்று வைத்தது 2.5 ஆகவே நின்றது, துளி அசையவில்லை.

நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு முடிவு தெரிந்ததே, அந்த நிம்மதியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து வாணியை உட்காரவைத்துச் சொன்னேன். நீ கேட்ட மாதிரியே சோதித்துப் பார்த்துவிட்டேன், மிஷினில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவள் அழவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து மடித்துச் சின்னதாக ஆக்கிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நாந்தானுங்களா அண்ணி?"

"வேற யாரு வாணி இருக்கா அங்க?"

கையெழுத்துப் போட்டுவிடு, இதோடு முடிந்துவிடும் என்று சம்பத்தும் சொன்னார். சரி என்றாள்.

ஜூன் 21, சனி

போட்டுவிட்டாள். சம்பத் கூட்டிக்கொண்டு போய் வந்தார்.

வரும் வழியில் அவினாசி தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னாளாம். அந்தப் பையன் நவநீதன் வீடு அங்கேதான். சம்பத் வேண்டாம் என்றிருக்கிறார், அடிப்பார்கள் என்று பயம். இவள் இறங்கி நேரே உள்ளே போய் அந்த அம்மாவின் காலில் விழுந்துவிட்டாள். நான்தான் தப்பாக அழுத்திவிட்டேன், உங்கள் பையனைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லி அழுதிருக்கிறாள். அந்த அம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்களாம். "யாருமே வந்து சொல்லலம்மா, நீ ஒருத்திதான் வந்து சொன்ன" என்றார்களாம்.

சம்பத் இதைச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினார். எனக்கும் என்னவோ போல் இருந்தது. ஆனாலும் அவள் செய்தது நல்லது என்றுதான் தோன்றுகிறது. மனசில் வைத்துக்கொண்டு புழுங்குவதற்கு இது மேல்.

ஜூன் 25, புதன்

பலகையில் இருபதுக்குக் கீழே. ரேஷன் கடை, மாவு அரைக்கக் கொடுத்தது, கேஸ் சிலிண்டர் வந்தது. வாணி இரண்டு நாளாகச் சாப்பிடுகிறாள்.

ஜூன் 27, வெள்ளி

பூஜ்யம்! பலகையில் சார் பெரிய முட்டை வரைந்தார். கேக் வெட்டினோம். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வருடம் என்னை டீம் லீட் ஆக்கப்போவதாக எல்லோர் எதிரிலும் சொன்னார். வெட்கமாகவும் இருந்தது, குதூகலமாகவும் இருந்தது.

கேக் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மதுக்கரைச் சித்தி வந்திருந்தார்கள். வாணி அவர்களிடம் அந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் என்னிடம் "அழுத்திட்டேன் போல" என்று மட்டும் சொன்னவள், இன்றைக்கு எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்கிறாள். பக்கத்துப் படுக்கைக் கிழவர் தண்ணீர் கேட்டாராம், இவள் அவர் பக்கம் திரும்பிக்கொண்டே அழுத்தினாளாம், புள்ளி பட்டனில் விரல் பட்டது, ஆனால் அமுங்கவில்லையாம். கையுறை ஈரமாக இருந்ததாம். ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். உண்மை வெளியே வர நாள் ஆகும்தானே.

ஜூன் 30, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சான்றிதழ் கொடுக்கிற ஆடிட்டர், மாற்றிய ஒவ்வொரு இடத்துக்கும் விளக்கம் கேட்டிருக்கிறார். முன்பு என்ன இருந்தது, என்ன மாற்றினீர்கள், பழையபடி விட்டிருந்தால் நோயாளிக்கு என்ன ஆகும். காலையிலிருந்து அதைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் எழுதுவது "பாதிப்பு இல்லை". நானும் அதையே ஒட்டிக்கொண்டு வந்தேன். அலாரம் பட்டியல் வந்தது. எட்டை ஒன்பதாக்கிய இடம். அதிலும் ஒட்டப் போனேன். ஆடிட்டர் கண்டிப்பான ஆள் என்று சார் சொன்னது ஞாபகம் வந்தது, சரி, எதற்கும் அந்த ஒன்பதாவது இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பார்ப்போமே என்று திறந்தேன்.

அழிக்காமல் விட்ட அலாரங்களை எட்டு இடத்தில் வரிசையாக எழுதி வைக்கும். எட்டும் நிறைந்த பின் இன்னொன்று வந்தால், பழையதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கனடாக்காரன் அந்தச் சோதனையை ஒரு எண் தள்ளிப் போட்டிருக்கிறான். ஒன்பதாவது அலாரம் எட்டைத் தாண்டிப் போய் விழும். தாண்டினால் அடுத்து இருப்பது புள்ளி. எண்ணில் எந்த இடத்தில் புள்ளி என்பதைக் குறித்து வைக்கிற இடம். பம்புக்கு 2.5 என்று ஒரு எண் கிடையாது. 25 என்று ஓர் இடத்தில், புள்ளி ஓரிடம் தள்ளி என்று இன்னோர் இடத்தில். அந்த இன்னோர் இடம்தான் இது. ஒவ்வொரு அலாரத்துக்கும் ஓர் எண் உண்டு. கரண்ட் போன அலாரத்தின் எண் பூஜ்யம்.

புள்ளி இருந்த இடத்தில் பூஜ்யம் விழுந்தால் புள்ளி இல்லை. 2.5 என்பது 25.

பம்பின் பதிவும் அதே இடத்தைப் படித்துத்தான் "அமைத்த வேகம்" என்று காட்டுகிறது. அவள் அழுத்தியதை அது காட்டவில்லை. கெட்டுப்போன பிறகு இருந்ததைக் காட்டியது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் சோதித்தது பத்தொன்பதாம் தேதி. எட்டை ஒன்பதாக்கி, சோதனை பம்புகளில் ஏற்றியது பதிமூன்றாம் தேதி. நோயைக் குணமாக்கிவிட்டு, நோயே இல்லை என்று போய்ச் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி அவள் கையெழுத்துப் போட்டாள்.

சர்வீஸ் அறைக்குப் போய், பழைய புரோகிராம் உள்ள பம்ப் ஒன்றைத் தூக்கி வந்தேன். 2.5 வைத்தேன். பிடுங்கினேன், சொருகினேன். எட்டு தடவை வரை 2.5. ஒன்பதாவது தடவை பிடுங்கினதும் திரையில் 25. மோட்டார் சத்தம் மாறியது. சிரிஞ்ச் விடுவிடுவென்று உள்ளே போனது. பக்கத்து மேசைக்காரன் என்ன மேடம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

லீவு. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

வேதமூர்த்தி சாரிடம் செய்து காட்டினேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் காட்டினேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. கெட்டவர் இல்லை அவர், அதையும் எழுத வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பவும் ஒருமுறை செய்யச் சொன்னார். செய்தேன். திரும்பவும் 25.

அதன் பிறகு பேசினார். புதுப் புரோகிராமில் இது சரியாகிவிட்டது அல்லவா, நல்ல வேலை செய்திருக்கிறாய் என்றார். சான்றிதழ் வந்தபின், அடுத்த சர்வீசில், வெளியே இருக்கிற பம்புகளிலும் ஏற்றிவிடலாம். விளக்கத்தில் "பாதிப்பு இல்லை" என்றே போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஐந்நூறு பம்புக்கு மேல் வார்டுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, தினமும் மழை, தினமும் கரண்ட் போகிறது என்றேன். மெதுவாகப் பேசு என்றார்.

"அந்தத் திருப்பூர் கேஸ் முடிஞ்சுபோன விஷயம்மா. அந்த நர்ஸே எழுதிக் குடுத்துட்டா. நாம ஏன் போய்க் கிளறணும்?"

"அவ என் நாத்தனார் சார்."

என்னைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். நான்தான் அவளைக் கையெழுத்துப் போட வைத்தேன் என்றும் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அலுவலகத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது.

ஜூலை 4, வெள்ளி

நடந்ததை எழுதி ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில், மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கு ஒன்று. இரண்டும் அனுப்பிவிட்டேன், செய்து காட்டிய வீடியோவோடு. மத்தியானமே என் ஐ.டி. அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மறு உத்தரவு வரும் வரை வீட்டில் இரு என்றார்கள். என் மேசையில் இருந்த டப்பர்வேர் டப்பாவை எடுக்க விட்டார்கள், அதுவரைக்கும் புண்ணியம்.

சம்பத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணி, எங்கும் போகாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அணைத்துவிட்டு உள்ளே வந்து, நீயே அவளிடம் சொல் என்றார்.

வாணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ புள்ளி வைத்தாய், மிஷின்தான் அழித்தது, நான் சோதித்தது திருத்திய மிஷின், தப்பு என் மேல் என்றேன். அவள் காலைப் பிடிக்கக்கூடத் தோன்றியது. பிடித்தும்விட்டேன். பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

"சரிங்க அண்ணி," என்றாள். கீரையை உருவ ஆரம்பித்தாள். அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம் உள்ளே இறங்க நேரமாகும்.

ஜூலை 10, வியாழன்

அரசு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் வைத்து விசாரிக்கிறார்கள், ஆஸ்பத்திரி பம்ப் ஒன்றில் எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டுமாம். நவநீதனின் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வாணி தன் எழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நர்சிங் பதிவு திரும்பக் கிடைத்துவிடும் என்று அந்த அதிகாரி சொன்னார். தங்கமான மனிதர். நான் போனில் கும்பிட்டேன்.

வாணியிடம் சொன்னேன். நல்லதுங்க அண்ணி என்றாள். என்ன புடவை கட்டப்போகிறாய் என்று கேட்டேன். எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். இந்தப் பெண் ஏன் இப்படி மரம் மாதிரி இருக்கிறாள்?

ஜூலை 13, ஞாயிறு

அடுப்பை அணைத்தாயா என்று வாணி தன்னையே கேட்டுக்கொண்டு நாலு தடவை போய்ப் பார்க்கிறாள். மாத்திரை எடுத்துக் கொடு என்று சம்பத் சொன்னதற்கு, நான் கொடுக்க மாட்டேன் அண்ணா, நீங்களே எடுத்துக்கோங்க என்றாளாம். எல்லாம் வெள்ளிக்கிழமை முடிந்தால் சரியாகிவிடும்.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரியின் மாடியில் நீளமான மேசை. அதிகாரி, ஆஸ்பத்திரிக்காரர்கள், எங்கள் கம்பெனி வக்கீல், வேதமூர்த்தி சார். சார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓரத்து நாற்காலியில் நவநீதனின் அம்மா, கையில் ஒரு மஞ்சப்பை. வாணி சம்பத்துக்குப் பக்கத்தில்.

வார்டிலிருந்து கொண்டுவந்த பழைய பம்பை மேசை மேல் வைத்தேன். 2.5 வைத்து எல்லோரையும் படிக்கச் சொன்னேன். பிடுங்கிச் சொருகினேன். ஒருதடவை பிளக் சரியாக உட்காரவில்லை. ஒன்பதாவது முறை 25 என்று வந்ததும் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். வெளியே இருக்கிற எல்லாப் பம்பையும் பத்து நாளுக்குள் திருத்தியாக வேண்டும் என்று அங்கேயே எழுதினார். வக்கீல் ஏதோ சொல்லப் போனார், அதிகாரி கையமர்த்தினார். அந்த ஒரு காரியம் நடந்துவிட்டது. இனி அந்தப் பம்புகளால் யாரும் சாக மாட்டார்கள்.

அப்புறம் வாணியைக் கூப்பிட்டார். அன்பாகத்தான் கேட்டார். பார்த்தாய் அல்லவா அம்மா, உன் மேல் தப்பு இல்லை என்று தெரிகிறது, நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறாயா என்றார்.

வாணி எழுந்து நின்றாள். பம்பைப் பார்க்கவில்லை. ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"மெசினு அப்படிப் பண்ணும்னு பாத்தனுங்க சார். அது நெசந்தான். ஆனா அன்னைக்கு அது பண்ணலீங்க. நாந்தான் புள்ளி வெக்காம அழுத்துனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க."

கிழவர் தண்ணீர் கேட்டது, திரும்பியது, கையுறை ஈரம், எல்லாவற்றையும் சொன்னாள். சித்தியிடம் சொன்னதைவிட இப்போது இன்னும் தெளிவாக இருந்தது. விரல் எந்தப் பக்கம் வழுக்கியது என்றுகூடச் சொன்னாள். நான் இல்லை இல்லை என்று கத்தினேன். சம்பத் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அதிகாரி திரும்பத் திரும்ப மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். ஒரே பதில். வக்கீல் குறித்துக்கொண்டார். கருவியில் குறை இருக்கிறது, ஆனால் இந்த மரணத்துக்கு ஊழியரே பொறுப்பு என்று நேரில் ஒப்புக்கொண்டார் என்று எழுதினார்கள். நர்சிங் பதிவு ரத்து. அந்த அம்மா மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே வந்தோம். சம்பத் வண்டி எடுக்கப் போனார். மருந்துக் கடை ஓரமாக நானும் அவளும் நின்றோம். எனக்குக் கோபம், அழுகை, எல்லாம் ஒன்றாக வந்தது. ஏன் வாணி இப்படிச் செய்தாய், யாருக்குப் பயந்தாய், அந்த அம்மா முகத்தைப் பார்த்துத்தானே சொன்னாய் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்து புள்ளி வைத்தேன், புள்ளி வைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நீதானே என்றேன்.

அவளுக்கு என் மேல் கோபமே இல்லை. எனக்கு விளங்க வேண்டுமே என்கிற அக்கறையோடு, மெதுவாகச் சொன்னாள்.

"நானும் அப்படித்தான் அண்ணி நெனச்சுட்டு இருந்தேன். நீங்க சோதிச்சுப் பாத்துட்டேன், மெசின்ல கொறையில்லன்னு சொன்னீங்கல்ல, அன்னைக்குத்தான் எனக்கு எல்லாமே ஞாபகம் வந்துச்சு."

சம்பத் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவளை ஏறிக்கொள்ளச் சொன்னேன். நான் பிறகு பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.